நெருப்பின் முகவரி

அனர்த்த முகாமைத்துவ நிலையம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதன் 117 இலக்கத்துக்கு இரவும் பகலும் எவரும் அழைக்கலாம்.

வறட்சிக் காலம். நுவரெலியாப் பக்கம் பத்தனாப் புல் பற்றியெரிந்து லயத்தை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியை எடுப்பவரின் முதற் கேள்வி, 'எந்த இடம்?' தோட்டத்துப் பெண் என்ன சொல்வாள்? 'மேல் டிவிஷன், கோயிலுக்குப் பக்கத்து லயம்.' தனி முகவரியின்றி, கடிதத்தைக்கூடத் தோட்ட அலுவலகத்தில் பெற்றுப் பழகியவர்கள்.

இடம் விளங்காமல் வாகனம் பிந்தினால் குற்றம் யாருடையது? கேட்டவருடையதல்ல என்பர் சிலர். எனக்கு அவ்வளவு எளிதாக விட மனமில்லை. விளங்கும்வரை கேட்பதும் அவர் கடமைதான். ஆனால் அவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமா? தரம் 6இல் 'உன் முகவரியை எழுது' என்றேன். பிள்ளைகள் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினார்கள். சரி போட்டுக் கொடுத்தவன் நான்.