தொகுதி என்பது யார்? பிரதிநிதியின் கடமை பற்றி ஓர் அறவியல் நோக்கு

பாராளுமன்ற உறுப்பினரைத் ‘தொகுதியின் பிரதிநிதி’ என வழங்குகின்றோம். ஆயின் ‘தொகுதி’ என்னும் சொல் யாரைக் குறிக்கின்றது என வினவின், விடை எளிதன்று. தேசப்படத்தில் எல்லையிட்ட நிலப்பரப்பையா? அங்கு வாழும் மக்கள் அனைவரையுமா? வாக்காளர் இடாப்பிற் பெயருள்ளோரை மட்டுமா? அன்றி, வென்றவருக்கு வாக்களித்தோரை மட்டுமா? பிற இடங்களில் இவ்வினா வகுப்பறையோடு நின்றுவிடலாம். மலையகத்திலோ அது தலைமுறைகள் சிலவற்றின் வாழ்வையே நிருணயித்த வினாவாகும்.

ராகலையை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளையூடாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் பாதையில் அமைந்த சிறு பட்டினம் அது. மேற்சரிவுகளிலே தேயிலையும் லயங்களும். வலப்பனைப் பக்கமாகக் கீழிறங்கின் வயல் சூழ்ந்த சிங்களக் கிராமங்கள். இரு சாராரும் ஒரே வலப்பனைத் தேர்தற் பிரிவுக்குள் அடங்குவர். இத்தகைய நிலத்துக்குப் பிரதிநிதியாக வருபவர் எவருக்குக் கடமைப்பட்டவர் என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருள்.

வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் தெரிவாயினர். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுட் குறிப்பிடத்தக்கோர். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தையோ பாட்டனாரோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று காட்டுமாறு, பிறப்புப் பதிவே பெரிதும் இல்லாதிருந்த ஒரு மக்கட் கூட்டத்தாரை அச்சட்டம் கேட்டது. 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பிரசைகள் அல்லாதாரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பினின்றும் நீங்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. கோமறைக் கழகம் 1953இல் இச்சட்டங்கள் செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்தது. சட்டவினா அத்துடன் முடிவுற்றது எனலாம். அறவினா முடிவுறவில்லை.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சோல்பரி அரசியலமைப்பின்படி ஆசனங்கள் 75,000 ஆட்களுக்கு ஒன்றாகவும், 1,000 சதுர மைல் நிலத்துக்கு மேலும் ஒன்றாகவும் மாகாணங்களுக்குப் பங்கிடப்பட்டன. கணக்கில் எடுக்கப்பட்டோர் ‘ஆட்கள்’; வாக்காளர் அல்லர். எனவே தோட்ட மக்களையும் எண்ணியே மலைநாட்டு ஆசனங்கள் உருவாயின. அம்மக்களின் வாக்குரிமை போயிற்று. அவர்களால் உண்டான ஆசனங்களோ நிலைத்தன. 1959இல் எல்லைகள் மீள வகுக்கப்பட்டபோதும் அவர்கள் சனத்தொகைக் கணக்கிற் சேர்க்கப்பட்டனர். வாக்கு மட்டும் கிட்டவில்லை. அக்காலத் தோட்டங்களிலே, வேலைக்கு வந்த ஆட்களை எண்ணித் தலைக்கு இவ்வளவு காசு எனக் கங்காணிமார் பெற்ற வழக்கமொன்று இருந்தது. எண்ணப்பட்டவன் ஒருவன்; அவ்வெண்ணிக்கையின் பயனைப் பெற்றவன் வேறொருவன். தோட்டத்தின் அவ்வழக்கம் ஆசனப் பங்கீட்டில் அரசியல் உருப்பெற்றது எனின் மிகையாகாது.

இந்நிலையில் அவ்வாசனங்களில் அமர்ந்தோர், வாக்கற்ற தோட்ட மக்களுக்கும் கடமைப்பட்டவரா? இல்லை என்பார் கூறும் நியாயம் ஒப்பந்தம் சார்ந்தது. வாக்காளன் வாக்கைத் தருகின்றான். உறுப்பினர் பணியைத் தருகின்றார். கொடாதவனுக்குக் கேட்கும் உரிமை இல்லை என்பது அது. இவ்வாதத்தை ஏற்பின், பிள்ளைகளுக்கும் எவ்வுறுப்பினரும் கடமைப்பட்டவர் அல்லர் என்றாகும். அதனை எவரும் ஒப்பார். பராயமடையாத ஒருவனின் சொத்தைப் பராமரிக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளனை நினைத்துப் பார்க்கலாம். அப்பிள்ளை அவனை நியமிக்கவுமில்லை, நீக்கவும் இயலாது. அதனாலேயே அவனுடைய கடமை கூடுகின்றதன்றிக் குறைவதில்லை. பிரதிநிதித்துவமும் இத்தகைய நம்பிக்கைப் பொறுப்பே. வாக்குக்குக் கொடுக்கும் விலையன்று. ஓர் ஆளை எண்ணி ஆசனத்தைப் பெற்றபின், கடமை என வரும்போது அவனை எண்ணாது விடுதல் நேர்மையாகாது.

இனி, மறுதலையான வாதம் ஒன்றையும் நோக்குதல் வேண்டும். வாக்கில்லாதோரின் நலனையும் நல்லுறுப்பினர் தாமாகவே பேணுவர். ஆதலால் வாக்கின்மை பெருங் குறையன்று என்பது அது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இவ்வாறே வாதித்தனர். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கும், 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை தனி உறுப்பினரைப் பெறாதிருந்த மான்செஸ்டர் நகருக்கும் இந்தச் சமாதானமே கூறப்பட்டது. அமெரிக்கர் அதனை ஏற்கவில்லை. மலையகமும் அதன் பொருந்தாமையை அனுபவத்தால் அறிந்தது. 1960இல் தொண்டமான் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தார். எனினும் நியமனம் அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களின் எதிர்காலத்தை வகுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு பேச்சுக்கு. அம்மக்கள் தம் வாக்கினால் அனுப்பிய ஒருவரேனும் அன்று சபையில் இருக்கவில்லை. நல்லெண்ணம் கடமையை உணர்த்தக்கூடும். அதனைக் கேட்டுப் பெறும் ஆற்றலை மக்களுக்கு அளிப்பது வாக்கே.

ஆகவே இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. கடமை வாக்கிலிருந்து பிறப்பதன்று; வாக்கின்றேல் அக்கடமை நிறைவேறுமென்ற உறுதியும் இல்லை. முதலாவதற்கு நம் வரலாற்றிலேயே உதாரணம் உண்டு. எஸ். ஜே. வி. செல்வநாயகம் காங்கேசன்துறையின் உறுப்பினர். மலையக மக்கள் அவருடைய வாக்காளர் அல்லர். அவர்களது பிரசாவுரிமை குறித்த கருத்துவேறுபாட்டை முக்கிய காரணமாகக் கொண்டே அவர் தாம் சார்ந்திருந்த தமிழ்க் காங்கிரசினின்றும் பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952இல் அவர் தமது ஆசனத்தை இழந்தார். தோல்விக்குக் காரணங்கள் பலவாகலாம். எனினும் தமக்கு வாக்களிக்க இயலாதோரின் பொருட்டுப் பேசுதல் ஓர் உறுப்பினரால் இயலாத காரியமன்று என்பதை அவரது செயல் காட்டிற்று.

வாக்கு படிப்படியாக மீண்டது. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானார். 1947இல் தெரிவானபின் முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் போக்க வழி செய்தன. ஆயினும் வாக்கு கிடைத்தவுடன் யாவும் கிடைத்துவிடவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. லயத்து மக்கள் வாக்களித்துத் தெரிந்த உறுப்பினரே லயத்துப் பாதையைச் செப்பனிட இயலாதிருந்தார். 2018ஆம் ஆண்டுத் திருத்தமே அத்தடையை அகற்றிற்று.

இன்று நம்முன் உள்ள வினா வேறு வடிவினது. விகிதாசார முறையில் மாவட்டமே தெரிவுக்குரிய களம். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து 8 உறுப்பினர் தெரிவாயினர். ராகலைக்கென ஒருவர் இல்லை. எட்டுப் பேரும் ராகலைக்கு உரியவரே. விருப்பு வாக்கைத் தேடும் உறுப்பினரோ, தமது சங்கத்துக்குச் சந்தா செலுத்துவோரையும் தமது இனத்தாரையும் தொகுதி எனக் கருதத் தூண்டப்படுகின்றார். இவர் ‘நம்மாள்’ என்று நாமும் மகிழ்கின்றோம். அவர் நம் லயத்துக்குக் கூரை தந்து அடுத்த லயத்தைத் தவிர்ப்பின், அது தமக்கு வாக்களித்தோர் மட்டுமே தொகுதி என்னும் பழைய வாதமேயாகும். அவ்வாதத்தால் வீழ்ந்தவர்கள் நாம். அது நமக்கு அனுகூலமாகும்போது மட்டும் நியாயமாகிவிடுமா?

வலப்பனைக் கிராமத்துச் சிங்கள விவசாயி தன் குளத்தைப் பற்றி முறையிடும்போது, நாம் அனுப்பிய தமிழ் உறுப்பினர் செவிசாய்த்தல் வேண்டும். சிங்கள உறுப்பினரிடம் தோட்டத்துப் பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டுமெனக் கேட்க நமக்கும் அதே உரிமை உண்டு. முன்னதை மறுப்பவர் பின்னதைக் கேட்க இயலாது. அடுத்த தேர்தலில் வேட்பாளர் நம் முற்றத்துக்கு வரும்போது, ‘எங்களுக்கு என்ன செய்வீர்?’ என்னும் வழக்கமான கேள்வியோடு, ‘உமக்கு வாக்களியாதவருக்கு என்ன செய்வீர்?’ என்பதையும் கேட்டுப் பார்க்கலாம். அவ்வினாவைக் கேட்கும் தகுதி, முப்பது ஆண்டுகள் வாக்கின்றி எண்ணப்பட்ட மக்களுக்கு நிரம்ப உண்டு.