நட்டம் யார் தலையில்?

ஐடி வேலைக்கு ஆள் தயார் செய்யும் நிறுவனங்களின் பங்கை வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பி/இ எவ்வளவு, கடன் இருக்கிறதா, அடுத்த காலாண்டில் ஐடி கம்பெனிகள் ஆள் எடுக்குமா. இவையெல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் இந்தத் துறையில் இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டியது வேறு ஒன்று: வேலை கிடைக்காமல் போனால் நட்டம் யார் தலையில் விழுகிறது? பங்குதாரர் ஈட்டும் லாபத்துக்கு நான் அறிந்த ஒரே நியாயம், அவர் தன் பணத்தைப் பணயம் வைக்கிறார் என்பது. அவர் அங்கே பாடம் எடுக்கவில்லை, நேர்காணல் நடத்தவில்லை, வாடிக்கையாளரைத் தேடி அலையவில்லை. தொழில் கவிழ்ந்தால் போட்ட பணம் போய்விடும் என்று தெரிந்தே போட்டார். அந்தத் துணிவுக்கான பலன்தான் லாபம். பணயம் வைத்தவர் இருபத்திரண்டு வயதில் கல்விக் கடனோடு நிற்கும் வேறொருவராக இருந்து, ஆதாயம் மட்டும் நம் டிமேட் கணக்குக்கு வருமானால் அந்த நியாயம் ஆட்டம் கண்டுவிடுகிறது.

ஆள் தயார் செய்வதும் ஆள் கொடுப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே துறை. உள்ளே பணம் இரண்டு திசைகளில் ஓடுகிறது. டீம்லீஸ், குவெஸ் கார்ப் இரண்டும் 2016இல் பங்குச் சந்தைக்கு வந்தவை. ஆள் கொடுப்பதுதான் இவற்றின் முதன்மைத் தொழில். ஒரு வங்கிக்கு ஜாவா தெரிந்த ஒருவர் ஆறு மாதத்துக்குத் தேவை என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலை பார்ப்பது வங்கியில், பேரோல் ஸ்டாஃபிங் கம்பெனியில். மாதக் கடைசியில் அந்தக் கம்பெனி சம்பளம், பிஎஃப், தன் சேவைக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, மேலே 18 சதவீத ஜிஎஸ்டி போட்டு வங்கிக்கு பில் அனுப்புகிறது. பில்லுக்குப் பணம் வர இரண்டு மாதம்கூட ஆகலாம். சம்பளத்தை மாதம் பிறந்ததும் போட்டாக வேண்டும். இடைப்பட்ட நாட்களைக் கம்பெனியின் பணம்தான் தாங்குகிறது. வங்கி இழுத்தடித்தாலும், ஆள் வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் இடிப்பது கம்பெனியை, அதாவது பங்குதாரரை. முதலில் வசூல், பிறகு சம்பளம் என்ற ஒப்பந்தத்துக்கு இந்தக் கம்பெனிகள் அவ்வளவு பாடுபடுவது இதனால்தான். விற்பனைத் தொகை ஆயிரக்கணக்கான கோடியாகத் தெரியும். அதில் பெரும்பகுதி கைமாறிப் போகும் சம்பளம். மிஞ்சுவது சொற்பம். புதிதாகச் சேரும், மாதம் 25,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் ஊழியருக்கான கூடுதல் செலவில் 30 சதவீதத்தை மூன்று ஆண்டுகள் கழித்துக்கொள்ளலாம் என்ற வருமான வரிச் சலுகை இல்லாவிட்டால் அந்தச் சொற்பமும் இன்னும் மெலிந்திருக்கும். மெலிந்த லாபம்தான். ஆனால் அதற்கான இடரை ஏற்றவரிடமே அது போய்ச் சேர்கிறது.

பயிற்சித் தொழிலில் பணம் மாணவரிடமிருந்து, அதுவும் முன்கூட்டியே வருகிறது. சேர்க்கை மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கட்டணம் 80,000 ரூபாய் என்றால் அப்பாவிடம் அவ்வளவு ரொக்கம் இருக்காது. ‘வட்டியில்லா இஎம்ஐ’ என்று ஒரு படிவம் நீட்டப்படும். கையெழுத்தானதும் நிதி நிறுவனம் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதித் தொகை முழுவதையும் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து கடன் அப்பாவுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலான விவகாரம். பாடம் சரியில்லை என்று பையன் இரண்டாம் மாதமே நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். வாசல் பலகையில் நூறு சதவீத வேலை என்று இருக்கும். படிவத்தின் பொடி எழுத்தில், நேர்காணலுக்கு அனுப்பி வைப்பதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்று இருக்கும். வந்த கட்டணம் கம்பெனியின் கணக்கில் முதலில் பொறுப்பாக ஏறி, வகுப்பு நடக்க நடக்க வருமானமாக மாறுகிறது. கடைசி வகுப்பு முடிந்தால் வருமானமும் முழுமை பெற்றுவிடும். அந்தப் பையனுக்கு வேலை கிடைத்ததா என்பதைப் பதிய லாப நட்டக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

இது கணக்கியல் நுணுக்கமாகத் தோன்றலாம். ஒரு தலைமுறையே இதன் விலையைக் கொடுத்திருக்கிறது. 1981இல் தொடங்கிய என்ஐஐடி, 1986இல் வந்த ஆப்டெக், சென்னையில் பிறந்த எஸ்எஸ்ஐ ஆகியவை 1990களின் கடைசியில் தமிழ்நாட்டின் சிறு நகரங்கள்வரை பிரான்சைஸ் மையங்களாகப் பரவின. ஒய்2கே வேலைகளும் அமெரிக்க விசாவும் அன்றைய கனவு. பங்கு விலைகளும் அந்தக் கனவோடு சேர்ந்தே ஏறின. 2000 மார்ச்சில் 5,000 புள்ளிகளைத் தாண்டிய நாஸ்டாக், 2002 அக்டோபரில் 1,114க்கு இறங்கியது. வேலைகள் வற்றின, இந்தப் பங்குகளும் மளமளவென்று சரிந்தன. பங்குதாரருக்கும் அது பலத்த அடிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு விற்றுவிட்டு வெளியேற ஒரு சந்தை இருந்தது, கிடைத்த விலைக்காவது. வேலை தராத ஜாவா சான்றிதழை விற்று வெளியேற எந்தச் சந்தையும் இல்லை. எஸ்எஸ்ஐ பின்னாளில் கைமாறி, பிவிபி வென்ச்சர்ஸ் என்று பெயரும் மாறி, வேறு தொழில்களுக்குப் போனது.

என்ஐஐடியின் அடுத்த இருபது ஆண்டுகள் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியவை. பொறியியல் கல்லூரிகள் பெருகின. இன்ஃபோசிஸ் மைசூரில் செய்ததுபோலப் பெரிய ஐடி கம்பெனிகள் பட்டதாரிகளை நேரடியாக எடுத்துத் தம் செலவிலேயே பழக்கின. மாணவரிடம் கட்டணம் வாங்கும் தொழில் தேய்ந்தது. என்ஐஐடி 2006இல் அமெரிக்காவின் எலிமென்ட் கே நிறுவனத்தை 4 கோடி டாலருக்கு வாங்கி, 2011இல் 11 கோடி டாலருக்கு விற்றது. அந்த ஆண்டுகளில் பெருநிறுவனங்களின் ஊழியர்களுக்கு, அந்த நிறுவனங்களின் செலவில் பயிற்சி தரும் பிரிவை வளர்த்துக்கொண்டது. 2023இல் அந்தப் பிரிவு என்ஐஐடி லேர்னிங் சிஸ்டம்ஸ் என்று தனிக் கம்பெனியாகப் பட்டியலிடப்பட்டபோது, தாய்க் கம்பெனியைவிடப் பல மடங்கு மதிப்பைச் சந்தை அதற்குக் கொடுத்தது. பயிற்சியின் பலனை அனுபவிப்பவரே பணம் கொடுத்தால், பலன் இல்லாதபோது அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார். அந்தப் பயமே தரத்தைக் காக்கிறது. மாணவரோ எப்படியும் இரண்டாம் முறை வாங்கப் போவதில்லை.

மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் மாணவர்தானே கட்டணம் கட்டுகிறார், பயிற்சி மையத்தை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே சட்டம் போட்டிருக்கும் கோடு ஒன்று உதவுகிறது. இந்தியாவில் பட்டம் தரும் தனியார் கல்லூரியைப் பொதுவாக அறக்கட்டளையோ சங்கமோ லாப நோக்கற்ற கம்பெனியோதான் நடத்த முடியும். உபரியை ஈவுத்தொகையாகப் பங்கு போட முடியாது. அந்த விதி எவ்வளவு மீறப்படுகிறது என்பது ஊரறிந்தது, ஆனாலும் விதி இருக்கிறது. ஆகவே பங்குச் சந்தையில் நமக்கு வாங்கக் கிடைக்கும் கல்வி, அரசின் அங்கீகாரமும் கட்டண வரம்பும் எட்டாத கல்வி. மாணவருக்கு மிகக் குறைந்த பாதுகாப்பு உள்ள இடத்தில்தான் நாம் உரிமையாளர் ஆகிறோம். கட்டணம் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. டேலி கற்றுத் தருகிறோம், இத்தனை மணி நேரம், இவ்வளவு ரூபாய் என்று விற்பது நேர்மையான வணிகம். வாங்குபவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரியும். வேலையைக் காட்டிப் பாடத்தை விற்கும்போதுதான் இடர் கைமாறுகிறது. டிசிஎஸ்ஸில் 2023-24 நிதியாண்டில் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. இன்ஃபோசிஸில் ஏறத்தாழ 26,000. அந்த ஆண்டில் வேலையை நம்பிக் கட்டணம் கட்டியவர் இந்தச் சரிவைக் கவனித்திருக்க வாய்ப்பு குறைவு. பயிற்சிக் கம்பெனியின் இயக்குநர்கள் கவனித்திருப்பார்கள்.

மூன்றாவதாக ஒரு முறையும் இருக்கிறது. 2014இல் லண்டன் சந்தையில் பட்டியலிடப்பட்ட எஃப்டிஎம் குழுமம் பட்டதாரிகளை எடுத்து, தன் செலவில் பழக்கி, வங்கிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் அனுப்புகிறது. பதிலுக்கு இரண்டு ஆண்டு சேவை. நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டும் என்று நெடுங்காலம் இருந்த நிபந்தனை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. நம் ஊரிலும் பாண்டு புதிதல்ல. மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சட்டப்படி சரி. ஆனால் கம்பெனி உண்மையில் செலவழித்த தொகையைத் திரும்பக் கேட்பதும், ஆள் போகாமலிருக்க மிரட்டுவதற்கென்று ஒரு தொகையைப் போடுவதும் ஒன்றாகிவிடாது. முன்னதில் இடர் இருவருக்கும் பொது, பின்னதில் இளைஞருக்கு மட்டும். நல்ல முறை என்பதற்காக லாபம் நிச்சயம் என்றும் நினைக்க வேண்டாம். தேவை சுருங்கியதும் எஃப்டிஎம் பங்கு 2021இன் உச்சத்திலிருந்து பெரும்பகுதி மதிப்பை இழந்தது. முதலீட்டாளருக்கு அது கசப்புதான். இருந்தும் அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது: வாடிக்கையாளர் கேட்கவில்லை, உரிமையாளர் இழந்தார்.

நான் சந்தையில் இன்னொருவரிடமிருந்துதான் வாங்குகிறேன், கம்பெனிக்கு என் பணம் ஒரு பைசாகூடப் போகவில்லை, பிறகென்ன பொறுப்பு என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் ஏறிய விலையை வைத்துத்தான் புரமோட்டர் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்குகிறார், பங்கைக் கொடுத்தே வேறு கம்பெனிகளை வாங்குகிறார், அடுத்த சுற்று நிதி திரட்டுகிறார். அந்த விலையை உண்டாக்கும் கைகளில் நம் கையும் ஒன்று.

சிறு முதலீட்டாளரால் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா என்றால், பெருமளவு முடியும். ஆண்டறிக்கையில் வருமானம் மாணவர், நிறுவனங்கள் என்று பிரித்துத் தரப்பட்டிருக்கும் பகுதி முதல் இடம். விளம்பரச் செலவையும் ஆசிரியர் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அடுத்தது. விளம்பரச் செலவு ஆசிரியர் சம்பளத்தைவிட வேகமாக வளர்ந்தால் அங்கே விற்கப்படுவது பாடமாக இருக்க வாய்ப்பு குறைவு. எந்த நிதி நிறுவனத்தோடு இஎம்ஐ ஒப்பந்தம், மாணவர் கட்டாமல் போனால் கம்பெனி ஏதாவது தாங்க ஒப்புக்கொண்டிருக்கிறதா என்பது குறிப்புகளுக்குள் இருக்கலாம். அறிக்கையில் அநேகமாக இல்லாதது, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் என்ன சம்பளத்தில் வேலைக்குப் போனார்கள் என்ற கணக்கு. ஆண்டுப் பொதுக்குழு இப்போது பெரும்பாலும் காணொளியில் நடக்கிறது. ஒரு பங்கு வைத்திருப்பவரும் பேச முன்பதிவு செய்து அதைக் கேட்கலாம். வாங்கும் முன் கேட்க வேண்டுமானால் முதலீட்டாளர் தொடர்பு அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போதும். வேலை கிடைத்தவர்களின் படங்களை நாளிதழில் முழுப் பக்கம் போடும் ஒரு கம்பெனியால் கிடைக்காதவர்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடியவில்லை என்றால், அதன் பங்கு எந்த விலைக்கு வந்தாலும் நான் வாங்க மாட்டேன்.