லண்டன் வழியாகப் போகாத பாதை

தாமரை என்றதும் தமிழ் இடதுசாரி வாசகருக்கு ஜீவா தொடங்கிய இதழ்தான் நினைவுக்கு வரும். அதே பூவின் பெயரில் கெய்ரோவிலிருந்தும் ஓர் இலக்கிய இதழ் வந்தது. 1968இல் 'ஆப்பிரிக்க ஆசிய எழுத்துகள்' என்று தொடங்கி, சில இதழ்களுக்குப் பின் 'லோட்டஸ்' ஆனது. அரபு, ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்று பதிப்புகள்.

அது எந்தக் குறையைத் தீர்க்க வந்தது? காலனி ஆட்சி ரயில் பாதையைச் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போட்டது. இலக்கியப் போக்குவரத்தையும் அப்படித்தான் வைத்திருந்தது. செனகல் நாவல் பாரிஸுக்குப் போகும், நைஜீரிய நாவல் லண்டனுக்குப் போகும். ஒரே கண்டத்தில் வாழும் இருவர் ஒருவரையொருவர் படிக்க ஐரோப்பியப் பதிப்பாளரின் தயவு வேண்டும். எகிப்தியருக்கு வங்காளக் கவிதையை நேரே கொண்டுபோய்க் கொடுக்க வழியே இல்லை.

ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955 பாண்டுங் மாநாட்டுக்குப் பின் இதை மாற்றும் பேச்சு வலுத்தது. 1956இல் ஆசிய எழுத்தாளர்கள் டெல்லியில் கூடினார்கள். 1958 அக்டோபரில் தாஷ்கண்டில் ஆப்பிரிக்கர்களும் சேர்ந்தார்கள். துருக்கியின் நாஜிம் ஹிக்மத், இந்தோனேசியாவின் பிரமோதியா அனந்த தூர், செனகலின் உஸ்மான் செம்பேன் ஆகியோரோடு, அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர், தொண்ணூறு வயது டுபாய்ஸும் அங்கே வந்திருந்தார். உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் அந்த மாநாட்டுக்குப் போயிருந்த நாட்களில்தான் பாகிஸ்தானில் ராணுவ ஆட்சி வந்தது. ஊர் திரும்பியவரைச் சிறையில் போட்டார்கள்.

மாநாட்டுக்குப் பின் அமைந்த ஆப்பிரிக்க ஆசிய எழுத்தாளர் அமைப்பின் நிரந்தரச் செயலகம் கொழும்பில் இயங்கியது. சோவியத்–சீனப் பிளவு அதையும் விடவில்லை. கொழும்பு சீனத்தின் பக்கம் சாய, மற்றவர்கள் கெய்ரோவுக்கு மாறினார்கள். அங்கேதான் லோட்டஸ் உருவானது.

பணம் எகிப்து, சோவியத் ஒன்றியம், கிழக்கு ஜெர்மனி அரசுகளுடையது. ஆங்கில, பிரெஞ்சுப் பதிப்புகள் கிழக்கு ஜெர்மனியில் அச்சாயின. அரசின் பணத்தோடு அரசின் மௌனமும் வந்தது: சோவியத்தில் எழுத்தாளர்கள் ஒடுக்கப்பட்டதைத் தட்டிக்கேட்கும் மேடையாக லோட்டஸ் இருந்ததில்லை. இது பெரிய குறை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வைத்து மொத்த முயற்சியையும் பிரசாரம் என்று தள்ளுவது அநியாயம். அதே எழுத்தாளர் அமைப்பு தந்த லோட்டஸ் விருதை 1969இல் பெற்றவர்களில் இருவரைப் பாருங்கள். அலெக்ஸ் லா குமாவின் எழுத்துக்குச் சொந்த நாடான தென்னாப்பிரிக்காவில் தடை. மஹ்மூத் தர்வீஷ் இஸ்ரேலுக்குள் நடமாட்டத் தடைகளோடு வாழ்ந்த பாலஸ்தீனக் கவிஞர். ஊரிலே வாய்கட்டப்பட்ட இருவரையும் ஒரே மேடை அடையாளம் கண்டது. 1970களில் கென்யாவின் கூகி வா தியாங்கோவும் நைஜீரியாவின் சினுவா அச்செபேயும் அதே விருதைப் பெற்றார்கள். இலக்கிய நோபல் பரிசோ முதல் கறுப்பின ஆப்பிரிக்கரைத் தேடி வந்தது 1986இல்தான். முதல் அரபு எழுத்தாளரை 1988இல்.

இதழின் ஆசிரியர் யூசுஃப் அல்-சிபாயி, எகிப்து அதிபர் சாதாத்தோடு ஜெருசலேம் போய்வந்தவர். 1978 பிப்ரவரியில் சைப்ரஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதழ் பெய்ரூட்டுக்குப் போனது, ஃபைஸ் ஆசிரியரானார். 1982இல் இஸ்ரேல் லெபனானுக்குள் படையெடுக்க, அங்கிருந்தும் கிளம்பித் துனிஸுக்குப் போனது. சோவியத் சரிந்த காலத்தில் நின்றுபோனது.

என்னை உறுத்துவது வேறொன்று. லோட்டஸின் மூன்று மொழிகளில் இரண்டு காலனி எஜமானர்களுடையவை. தமிழோ சுவாஹிலியோ வியட்நாமியமோ, எதுவானாலும் ஆங்கில அல்லது பிரெஞ்சு வாசல் வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே போக முடிந்தது. லண்டனைத் தவிர்த்தார்கள், அதன் மொழியைத் தவிர்க்க முடியவில்லை. நமக்கும் அதே நிலைதான்: இன்று தமிழில் கிடைக்கும் அரபு, ஆப்பிரிக்க நாவல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அரபும் சுவாஹிலியும் கற்றுக்கொண்டு மூலத்திலிருந்தே தமிழாக்கம் செய்ய இளைஞர்கள் முன்வர வேண்டும். அவர்களுக்கு உரிய ஊதியத்தைப் பதிப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் தர வேண்டும்.