மூடு வரும்வரை

வேலையைத் தள்ளிப்போடுகிறவனுக்கு அறிவுரை சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைச்சல் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழு, பச்சைத் தண்ணீரில் குளி, லட்சியத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு என்பார்கள். நானும் சிலவற்றைச் செய்து பார்த்தவன்தான். சுவரில் ஒட்டிய தாள் பழுத்ததுதான் மிச்சம். இந்த அறிவுரைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: முதலில் உள்ளே உற்சாகம் பிறக்க வேண்டும், அப்புறம்தான் கை வேலைக்குப் போகும் என்பது. வலங்கைமானைச் சுற்றியுள்ள வயல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த வரிசையே தலைகீழாகப் படுகிறது.

குறுவை நாற்றை 20, 25 நாளுக்குள் பறித்து நட்டாக வேண்டும். நாற்றங்காலிலேயே கிடந்தால் முற்றிப்போகும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது, கண்டுமுதல் குறையும். பக்கத்து வயல்காரர் ஒருவரிடம், வேலைக்குப் போகப் பிடிக்காத நாள் உங்களுக்கு உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "பிடிக்குது, பிடிக்கலைன்னு நாத்துக்கு யாரு தம்பி போய்ச் சொல்றது?" என்றார்.

அவர் விடிவதற்கு முன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை பார்க்கப் போவார். துள்ளிக் குதித்துக்கொண்டெல்லாம் போவதில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டுதான் போவார். நாலு வெட்டு அண்டை வெட்டிய பிறகுதான் முகத்தில் தெளிவே வரும். உற்சாகம் வேலைக்குப் பின்னால்தான் வந்து சேர்கிறது, அதுவும் மெதுவாக.

நடவுப் பெண்களின் சங்கதி வேறு. ஒருத்தி மட்டும் தனியே ஒரு மா நிலத்தை நட வேண்டும் என்றால் இடுப்பு ஒடிவதற்கு முன் மனசு ஒடிந்துவிடும். வரிசையாக இறங்கும்போது, பின்தங்குகிறவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் நாலு குத்து சேர்த்து நட்டுக் கொடுப்பாள். கூடவே வாய்க்கு வந்தபடி கேலியும் செய்வாள். இரண்டும் சேர்ந்துதான் வயலைக் கரையேற்றுகின்றன. இப்போது பல இடங்களில் நடவு எந்திரம் வந்துவிட்டது. கேலி செய்ய அதற்குத் தெரியாது.

எங்களைப் போல மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு நாற்றின் அவசரமும் கிடையாது, பக்கத்தில் நிற்பவளின் துணையும் கிடையாது. கோப்பு முற்றிப்போவதில்லை. எழுத வேண்டிய கடிதம் நாளைக்கும் அதே வயதில் கிடக்கும். பக்கத்தில் ஆளும் இல்லை. இருக்கிற ஆளும் கைபேசிக்குள் இருக்கிறார்.

ஆனால் மேசை வேலைக்கும் அந்த நெருக்கடியை உண்டாக்கிக்கொள்ள முடியும். இதே வலங்கைமானில் 1869இல் ஏழைப் புரோகிதர் ஒருவரின் வீட்டில் பிறந்தவர் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தவர். 1944இல், 75 வயதை நெருங்கிய நேரத்தில், உடல் நலிந்திருந்தும் சென்னை சமஸ்கிருத அகாதமிக்காக வால்மீகி ராமாயணத்தைப் பற்றி ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வரை 30 சொற்பொழிவுகள் செய்தார். வீட்டில் தனியாக உட்கார்ந்து அதே விஷயத்தைப் புத்தகமாக எழுதச் சொல்லியிருந்தால் அந்த வயதில் முடித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். நாள் குறித்தாயிற்று, ஆட்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. பேசித்தானே ஆக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கூட்டமும் கைதட்டலும் வேண்டும் என்றும் சொல்லிவிட முடியாது. காந்தியின் சுயசரிதையை மகாதேவ் தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதைத் திருத்திக் கொடுத்தவரும் சாஸ்திரியார்தான். தன் பெயரை எங்கும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. யாரும் பார்க்காத, யாரும் பாராட்டாத வேலை. அங்கே அவரை உட்கார வைத்தது ஏற்றுக்கொண்ட வாக்கு என்றுதான் நினைக்கிறேன்.

சரி, தண்ணீரே வராவிட்டால்? எங்கள் டெல்டாப் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒரு தடவைகூட அந்த நாளில் திறக்கவில்லை. 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. போர்வெல் வைத்திருப்பவர் குறுவை போட்டார். மற்றவர் திண்ணையில் உட்கார்ந்தார். பகலெல்லாம் ஆடுபுலி ஆட்டம், ஊர்வம்பு. வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்கள் டெல்டாக்காரன் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அந்தப் பேச்சு கேட்டாலே எரிச்சல் வரும். ஆஸ்திரியாவில் மரியந்தால் என்றொரு ஆலை ஊர். ஆலை மூடிய பிறகு அங்கே ஆராய்ந்து 1933இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. வேலை போனவர்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தது. ஆனாலும் நூலகத்தில் எடுத்துப் படிக்கும் புத்தகங்கள் குறைந்துபோயின, ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்துவிட்டது. எந்த வேலையும் காத்திராத வெறும் நேரம் மனிதனைச் சுறுசுறுப்பாக்குவதில்லை. ஆகவே ஊக்கமில்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்வதற்கு முன் அவர் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் வந்தும் எழுந்திருக்க முடியாதவர்களும் உண்டு. பங்குனி இரண்டாம் ஞாயிறு எங்கள் மாரியம்மன் கோயிலில் பாடைக்காவடி. நோயில் விழுந்து, பிழைத்தால் பாடையில் வருகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள், குடமுருட்டி ஆற்றில் குளித்துவிட்டுப் பிணம்போலவே பாடையில் படுத்துக்கொள்வார்கள். முன்னால் தீச்சட்டி, பறைமேளம், உறவுக்காரர் தோள். அந்த வழிபாட்டின் நம்பிக்கை பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. படுத்திருப்பவரிடம் அந்த நேரத்தில் யாரும் முயற்சியைக் கேட்பதில்லை என்பது மட்டும் என் கண்ணில் படும். எழுந்திருக்கும்வரை மற்றவர்கள் சுமக்கிறார்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பவருக்கு வேண்டியதும் அதுதான், சுவரில் ஒட்டிய தாள் அல்ல. அவரை மருத்துவரிடம் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

மற்றபடி, வெறுமனே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களைக் கேலி செய்யத் தயங்காத ஒருவரிடம், இந்த வேலையை வியாழக்கிழமை கொண்டுவந்து காட்டுகிறேன் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.