ஊழியர் யார்? அதிபர் யார்?



எமது பகுதிகளில் கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்பதே. அவர் கச்சேரியிலே எழுதுவினைஞர் (பிற்காலத்தில் முகாமைத்துவ உதவியாளர் என்றனர்) என்று சொல்லிவிட்டால் கேள்வி அத்துடன் முடிந்துவிடும். கடலுக்குப் போகிறவராயின், “உத்தியோகம் இல்லை, தொழில்தான்” என்று சற்றுத் தாழ்ந்த குரலிலே பதில் வரும். கோழி மேய்த்தாலும் கோறணமெந்தில் மேய்க்க வேண்டும் என்று பழமொழி செய்துவைத்த சமூகம் அல்லவா நாம்!

உத்தியோகம் என்ற வடசொல்லுக்கு முயற்சி என்பதே முதற்பொருள். மகாபாரதத்திலே போருக்கு முன்னான முயற்சிகளையும் ஆயத்தங்களையும் கூறும் பகுதிக்கு உத்தியோக பருவம் என்று பெயர். அப்படியானால் உத்தியோகம் புருஷ லட்சணம் என்பதற்கும் முயற்சியே மனிதனுக்கு அழகு என்றுதானே பொருள் கொள்ள வேண்டும்? விடியப்புறம் வள்ளத்தைக் கடலில் இறக்குகிறவரும், வெங்காயப் பாத்திக்கு நீர் மாறுகிறவரும் முயற்சி செய்யவில்லையா? அவர்களை எவரும் உத்தியோகத்தர் என்பதில்லை. முயற்சியைக் குறித்த சொல், மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது.

இதற்காகப் பெற்றோரைக் குறைகூற எனக்கு மனமில்லை. மழையை நம்பிய மண்ணிலே, துண்டு துண்டான காணிகளிலே வாழ்ந்தவர்களுக்கு மாதாமாதம் தவறாது வரும் சம்பளம் பெரிய ஆறுதல். அந்தக் கதவும் 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் எம்மவருக்கு ஒடுங்கிப்போனது. ஒடுங்கிய கதவின்மேல் ஆசை பெருகுவது இயல்பே. நான் கேட்பது வேறு. அந்தக் கதவுக்கு அப்பால் இருப்பவரை நாம் எந்தச் சொல்லால் அழைக்கிறோம்? அவர் எம்மை எந்தச் சொல்லால் அழைக்கிறார்?

ஆங்கிலேயர் மாகாணத்தை ஆள அனுப்பியவருக்கு ‘கவர்ன்மெந்து ஏஜண்ட்’ என்று பெயரிட்டனர். ஏஜண்ட் என்றால் பிறருக்காகக் காரியம் பார்ப்பவர், முகவர். தமிழிலே அவர் அரசாங்க அதிபர் ஆனார். அதிபர் என்றால் தலைவர், ஆளுகிறவர். முகவராகக் கப்பலேறி வந்தவர் எமது மொழிக்குள் நுழைந்ததும் ஆண்டவராகிவிட்டார்!

எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. 1963இலே கிராமத் தலைமைக்காரர் பதவி ஒழிக்கப்பட்டு, விதானையார் இருந்த இடத்துக்குக் கிராம சேவையாளர் வந்தார். நல்ல பெயர்தான். ஆனால் சில பத்தாண்டுகளிலே அந்தப் பெயரும் போய், கிராம அலுவலர் என்றாகிவிட்டது. எமது முதியவர்களோ இன்றுவரை விதானையார் என்றே சொல்கிறார்கள்.

இனி, ஊழியர் என்ற சொல்லைப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஊழியம் என்பது சில வகுப்பார் அரசுக்குக் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த கட்டாய வேலை. அந்தக் கசப்பான சொல் இன்று அரசாங்க ஊழியர் என்று எல்லோருக்கும் பொதுவாக வழங்குகிறது. பொதுவாகத்தான், தனித்தனியே கூப்பிடும்போது கதை மாறுகிறது. மேலே இருப்பவர் அதிபர், அதிகாரி, பணிப்பாளர். அடியிலே கோப்புச் சுமப்பவரும் வாசல் கூட்டுபவரும் மட்டும் சிற்றூழியர். ஊழியம் என்ற சொல் கடைசிப் படியில் நிற்பவரின் தலையிலேதான் தங்கிவிட்டது. ‘சிறு’ என்ற அடைமொழியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

கச்சேரியைச் சொல்லிவிட்டுக் கோவிலைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 590 முதல் 604 வரை திருச்சபையை நடத்திய பெரிய கிறகோரியார் தம்மை ஊழியருக்கெல்லாம் ஊழியர் என்று எழுதிக்கொண்டார். அவர் வழிவந்தவரை நாம் தமிழிலே பாப்பரசர் ஆக்கினோம். எங்களைப் போன்ற குருக்களையோ சுவாமி என்கிறீர்கள். சுவாமி என்றால் உடையவர், எசமான். கூப்பிடும்போது எங்களுக்கும் கசப்பதில்லை!

ஆயக்காரர் என்ற பெயர் நற்செய்தியிலே பாவிகள் என்ற சொல்லோடு சேர்ந்தே வருவதை அறிவீர்கள். உரோமையருக்கு எழுதிய நிருபத்திலே புனித சின்னப்பர் வரி வாங்கும் ஆட்சியாளருக்குக் கொடுத்த கிரேக்கச் சொல் வேறு. திருவழிபாட்டைக் குறிக்க இன்று நாம் வழங்கும் ‘லித்தூர்ஜியா’ என்ற சொல்லும் அதே வேரில் வந்ததுதான். முற்காலக் கிரேக்கரிடையே அது ஊருக்காகத் தன் செலவில் ஒருவர் செய்த பொதுப்பணியைக் குறித்தது. வரி வாங்கும் மேசையையும் பலிபீடத்தையும் ஒரே வேர்ச்சொல் தொடுகிறது என்பதை உத்தியோகம் பார்க்கும் வாசகர் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பாராக.

அப்படியானால் உத்தியோகத்தரை ‘ஐயா’ என்பது பிழையா? மரியாதையாகச் சொன்னால் பிழையில்லை. ஆனால் நாம் எப்போதும் மரியாதைக்காகவா சொல்கிறோம்? வரிசையைத் தாண்ட, நாட்கடந்த விண்ணப்பத்தை உள்ளே தள்ள, இல்லாத தகுதியை இருப்பதாக எழுதுவிக்க எத்தனை ‘ஐயா’க்களைச் செலவிடுகிறோம்! காசு கொடுக்குமுன் கொடுக்கப்படும் முதற் கைக்கூலி அதுதான். உரிமையாகக் கிடைக்க வேண்டிய கையொப்பத்துக்கு ஏன் கெஞ்ச வேண்டும்? கிடைக்கக்கூடாத கையொப்பத்தை எந்தப் பட்டம் சூட்டியும் கேட்கலாமா? துரை என்று அழைத்து அழைத்தே ஒருவரைத் துரையாக்கிவிட்டு, பிறகு அவர் துரைத்தனம் காட்டுகிறார் என்று வீட்டில் வந்து குறைப்படுகிறோம். அதே அரசின் சம்பளத்திலே மாநகரசபை வண்டியோடு எமது ஒழுங்கைக்கு வருகிறவரை, எமது பிள்ளைகள் கேட்டு நிற்க, ‘அவன்’, ‘இவன்’ என்கிறோம். அவரும் அரசாங்க ஊழியர்தானே?

உங்கள் வீட்டிலும் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். நியமனக் கடிதம் வரட்டும், செபிப்போம். ஒருநாள் அந்தப் பிள்ளையின் மேசைக்கு முன்னால், கணவனை இழந்த ஒரு மூதாட்டி, சேலைத் தலைப்பில் முடிந்துவைத்த அடையாள அட்டையோடும் ஓய்வூதியப் படிவத்தோடும் வந்து, பேரன் வயதுப் பிள்ளையை ‘ஐயா’ என்று கூப்பிடுவார். படிவத்திலே ஒரு கையொப்பம் குறைவாக இருக்கும். “நாளைக்கு வா” என்று சொல்லவும் அந்தப் பிள்ளைக்கு அதிகாரம் உண்டு. “இருங்கோ ஆச்சி, இந்த இடத்திலேதான் வைக்க வேணும்” என்று எழுந்து வந்து விரலால் காட்டவும் அதிகாரம் உண்டு.