மை எழுதும் கை

கண்ணுக்கு மையிடுவதைத் தமிழ் 'எழுதுதல்' என்றே சொல்லிவந்திருக்கிறது. ஓலையில் செய்வதும் இமையில் செய்வதும் ஒரே வினை. இரண்டுக்கும் வேண்டிய கரிக்கும் 'மை' என்று ஒரே பெயர். எழுத்தாணி கீறிய ஓலையில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் எழுத்து துலங்கும். கண்ணிலும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது: ஏற்கெனவே இருந்த விளிம்பு எடுப்பாகத் தெரிகிறது. இந்தச் சின்ன வேலையைச் சுற்றிச் சமயங்கள் கேட்ட கேள்வி பெரியது. படைத்தவன் கொடுத்த முகத்தை மனிதக் கை திருத்தலாமா? கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரத்தில் நிற்கும் புதுச்சேரியில் இதற்கு ஒரே விடை இருந்ததில்லை.

வீட்டு மைக்கு வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக்குவார்கள். விளக்கெண்ணெய் அகலில் அதை எரியவிட்டு, மேலே செம்புத் தட்டையோ மண்சட்டியையோ கவிழ்த்து வைத்து, படிந்த கரியைச் சுரண்டி அதே எண்ணெயிலோ நெய்யிலோ குழைத்தால் மை. இன்று நேரு வீதிக்குப் போனால் ஐடெக்ஸ் டப்பா, திருகு காஜல், பென்சில், திரவ ஐலைனர் என்று வரிசையாகக் கிடைக்கும். தேர்வை முகத்தைவிட வியர்வைதான் முடிவு செய்கிறது. கடலோர ஈரக்காற்றில் எண்ணெய்ப் பசையுள்ள மை மதியத்துக்குள் கன்னத்துக்கு இறங்கிவிடும். உலர்ந்து இறுகும் வகை நிற்கும், ஆனால் இமையின் உள்விளிம்பில் போட்டால் உறுத்தும். அதனால் மேலிமையில் மயிர்வேரை ஒட்டி ஐலைனர், கீழே மெல்லிசாகக் காஜல் என்று பலர் பிரித்துக்கொள்கிறார்கள்.

கை பழகுவது வேறு கதை. புதிதாகக் கற்பவர் கண்ணாடிக்கு மிக அருகே போய், மூச்சுக்காற்றாலேயே அதை மங்கவைப்பார். கோல் நெருங்கியதும் கண் தானாக மூடிக்கொள்ளும். பழகியவர் மோதிர விரலால் கீழிமையைச் சற்று இறக்கி, பார்வையை மேலே உயர்த்தி, மூக்கோரத்திலிருந்து கடைக்கண்வரை ஒரே இழுப்பில் முடித்துவிடுவார். பார்வை மேலே போய்விட்டதால் அந்த நொடியில் கோல் தெரியாது. திருவள்ளுவர் இதைக் கவனித்திருக்கிறார். 'புணர்ச்சி விதும்பல்' அதிகாரத்தில் வரும் 1285ஆம் குறளில், மை எழுதும்போது கோலைக் காணாத கண்ணைப்போல, கணவனைக் கண்டதும் அவன் குற்றம் கண்ணில் படவில்லை என்கிறாள் தலைவி. 1127இல் இன்னொருத்தி, காதலர் கண்ணுக்குள்ளேயே இருப்பதால் அவர் மறைந்துவிடுவாரென்று மையே எழுதுவதில்லை. மையிடுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவரின் உவமைகள் இவை. எல்லாவற்றையும் காண்கிற கண் தன்னையும், தன்னைத் தொடுவதையும் காணாது. மையைப் பற்றிய சமயச் சிந்தனையிலும் இந்தக் காணாமை திரும்ப வரும்.

மேற்கத்தியக் கிறித்தவம் வேறொரு முனையிலிருந்து தொடங்கியது. கி.பி. 200ஐ ஒட்டிக் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், கன்னத்துக்கு நிறமும் கண்ணுக்குக் கருமையும் பூசுகிறவர்கள் படைத்தவனின் கைவேலையில் குறை காண்கிறார்கள் என்று வாதிட்டார். யேசபேல் சாகும் நாளில் கண்களுக்கு மையிட்டுக்கொண்டாள் என்ற விவிலியக் கதை இந்த வாதத்துக்குத் தோதாக இருந்தது. ஆனால் அதே விவிலியத்தில், துன்பமெல்லாம் தீர்ந்த யோபு தன் மூன்றாம் மகளுக்குக் கேரேனாப்புக் என்று பெயர் வைக்கிறார். எபிரேயத்தில் அதற்கு மை வைக்கும் கொம்புச் சிமிழ் என்று பொருள். கண்டனக்காரர்கள் இந்தச் சிமிழை அதிகம் திறந்து பார்க்கவில்லை.

இந்த வாதம் புதுச்சேரிக்கு வந்தபோது கண்ணிலிருந்து நெற்றிக்கு ஏறியது. சந்தனம் பூசுவது சமயச் சடங்கா, ஊர் வழக்கமா என்ற சர்ச்சை மதுரை மறைப்பணியில் ராபர்ட் தெ நொபிலி காலத்திலேயே எழுந்தது. அது ஊர் வழக்கம் என்ற நொபிலியின் வாதத்தை ஏற்று, 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி அளித்தார். 1703 நவம்பரில் போப்பின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய தூர்னோன், எட்டு மாதத்துக்குள் இதற்கு நேர்மாறான ஆணையைத் தயாரித்துவிட்டார். 1704 ஜூன் 23 தேதியிட்ட அந்த ஆணை, நெற்றியில் நீறும் நிறக்குறிகளும் இடுவது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, பூப்பு விழா ஆகியவற்றைத் தமிழ்க் கிறித்தவர்களுக்குத் தடை செய்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் தடையை உறுதிப்படுத்தினார். உடம்பில் இடும் ஒரு குறி எப்போது அலங்காரம், எப்போது வழிபாடு என்று இத்தனை சட்ட நுணுக்கத்தோடு விசாரிக்கப்பட்ட ஊர்கள் குறைவு. நெற்றிக்குச் சற்றுக் கீழே இருந்த மையோ எந்தச் சமயத்தின் அடையாளமாகவும் இருந்ததில்லை. இந்துப் பெண்ணும் கிறித்தவப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் அதே கரியைத்தான் இட்டார்கள். சமய எல்லையை வரைய அது உதவாது.

முல்லா வீதிப் பக்கம் சுர்மா என்று கேட்டால் புரியும். இஸ்லாமிய மரபில் இஸ்மித் என்னும் அஞ்சனக்கல் பார்வையைத் தெளிவாக்கும், இமைமயிரை வளர்க்கும் என்று நபிமொழி இருப்பதால், ஆண்களும் அதை இடுகிறார்கள். திர்மிதியின் நபிமொழித் தொகுப்பு, நபி உறங்கப்போகும் முன் அதை இட்டுக்கொண்டதாகச் சொல்கிறது. உறங்கப்போகிறவர் கண்ணை யாருக்குக் காட்ட? தெர்த்துல்லியனின் குற்றச்சாட்டுக்கு இங்கே கால் ஊன்ற இடமில்லை.

வைணவத்தில் மை, விட்டுவிட வேண்டிய பொருளாக வருகிறது. மார்கழி விடியலில் பெருமாள் கோயில்களில் ஓதப்படும் ஆண்டாளின் திருப்பாவையில், இரண்டாம் பாசுரத்தில், நோன்பிருக்கும் பெண்கள் நெய்யும் பாலும் உண்ண மாட்டோம், மை எழுத மாட்டோம், பூச்சூட மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். மை பாவம் என்பதற்காக அல்ல. நெய்யும் பாலும் எப்படிப் பாவமாகும்? பிடித்ததை வைத்துவிட்டுப் போவதுதான் நோன்பு. இருபத்தேழாம் பாசுரத்தில் வளையும் தோடும் புத்தாடையும் பாற்சோறும் திரும்பி வருகின்றன. மையைப் பெயர் சொல்லி ஆண்டாள் அங்கே திரும்பக் கேட்கவில்லை. பல அணிகள் என்ற பொதுச்சொல்லில் அடங்கிவிட்டது போலும்.

சைவம்தான் இந்தக் கேள்வியை ஆழமாகத் தோண்டியது. வடமொழியில் அஞ்சனம் என்றால் மையும்தான், கறையும்தான். இறைவன் 'நிரஞ்சனன்', அதாவது கறையற்றவன். ஆனால் குருவைப் போற்றும் புகழ்பெற்ற சுலோகமோ, அறியாமை இருளில் குருடானவனின் கண்ணை ஞானம் என்னும் அஞ்சனம் தோய்ந்த கோலால் திறந்தவர் என்று அவரை வணங்குகிறது. கறைக்கும் மருந்துக்கும் ஒரே பெயர்.

இந்த முரணைச் சைவ சித்தாந்தம் சொல் விளையாட்டாக விட்டுவிடவில்லை. உயிரை மறைக்கும் ஆணவ மலம் வெறும் தவறான எண்ணம் அல்ல, கண்ணில் வளரும் படலம் போன்ற ஒரு பொருள் என்கிறார்கள் ஆகமங்களுக்கு உரை செய்தவர்கள். படலம் இருக்கிறது என்று அறிந்தால் மட்டும் பார்வை திரும்பாது, மருத்துவரின் கை வேண்டும். மலம் நீங்கத் தீட்சை என்னும் செயல் வேண்டும். அறிவே விடுதலை என்னும் வேதாந்தத்தோடு சைவம் பிரியும் இடம் இது. புதுச்சேரிக்கு மேற்கே திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்துக்குக் கண்ணையே எடுத்துக்கொண்டார். கண் காண்பதற்கு உயிர் உடனிருந்து காட்ட வேண்டும். அந்த உயிர் காண்பதற்கு இறைவன் உடனிருந்து காட்ட வேண்டும்.

இந்த ஆகமங்களைத் தேடிச் சேர்த்த பெரிய நிலையம் புதுச்சேரியில்தான் இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் என். ஆர். பட் ரௌரவம், அஜிதம், மிருகேந்திரம் முதலிய ஆகமங்களைப் பதிப்பித்தார். புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. நிறுவனத்தைத் தொடங்கிய ழான் ஃபிலியோசா பாரிஸில் கண் மருத்துவம் பார்த்தவர் என்பது, படலம் உரிக்கும் உவமையைப் படிப்பவருக்குச் சிறு மகிழ்ச்சி தரும்.

அந்த ஆகமங்கள் விதிக்கும் சடங்குகளில் ஒன்று கண் திறப்பு. சிலையின் எல்லா உறுப்பும் முடிந்த பிறகே கண் வரையப்படும். தங்க ஊசியால் கோடிட்டதும் பசுவும் கன்றும், தானியக் குவியலும் முன்னே நிறுத்தப்படும். இலங்கையில் புத்தர் சிலைக்குக் கண் எழுதும் கலைஞர் சிலையை நேரே பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி, கண்ணாடியில் பார்த்தபடியே தீட்டுகிறார். தனக்குத்தானே மை எழுதும் பெண்ணுக்கும் கண்ணாடிதான் துணை. புத்தர் சிலையாயினும் தன் முகமாயினும், எழுதப்படும் கண்ணை நேரே பார்த்து எழுத வழியில்லை.

வீடுகளில் மை இன்னொரு வேலையும் செய்கிறது: அழகைக் கெடுப்பது. குழந்தையின் கன்னத்தில் நடுவிலிருந்து விலகி வைக்கும் திருஷ்டிப் பொட்டு, பிறர் கண் குறையில் போய்ப் படட்டும் என்று வேண்டுமென்றே உண்டாக்கிய குறை. கறை, மருந்து என்ற இரண்டு பொருளும் இங்கே ஒரே புள்ளிக்குள் இருக்கின்றன. குழந்தையின் கண்ணுக்குள் மையிடுவதை மருத்துவர்கள் இன்று தடுக்கிறார்கள். சுர்மாக்கள் பலவற்றில் இருப்பது ஈய சல்பைடு, அதன் ஈயம் உடம்பில் சேரும். விரல்நகம் கிருமியைக் கொண்டுவரும். இந்தத் தடையால் நம்பிக்கைக்குச் சேதம் இல்லை. திருஷ்டிக்கு மை கண்ணுக்குள் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பொட்டு கன்னத்திலோ உள்ளங்காலிலோ இருந்தால் போதும்.