எஞ்சின் மாறினால் ஜெனரேட்டர் மாறுமா?

பட்டறையில் கையால் கட்டிய ஜெனரேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிள் இரும்பில் பற்றவைத்த சட்டம். ஒரு பக்கம் சிறிய பெட்ரோல் எஞ்சின், மறு பக்கம் ஆல்டர்னேட்டர். இரண்டின் புல்லிகளையும் சேர்த்து ஓடும் ஒரு வி-பெல்ட். நாளடைவில் எஞ்சின் தேய்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் மேலேறி எரிவதால் நீலப்புகை தள்ளுகிறது. கயிற்றை இழுத்தால் கையில் எதிர்ப்பே தெரிவதில்லை, கம்ப்ரஷன் போய்விட்டது. போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டனும் ஏற்கெனவே போட்டாயிற்று. மறுபடி போர் அடிக்க சிலிண்டரில் இடமில்லை. பழையதைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் ஏற்றுகிறார்கள். அதன் பிறகும் வீட்டார் அதை ‘நம்ம ஜெனரேட்டர்’ என்றே சொல்கிறார்கள். உயிர்நாடியாக இருந்த உறுப்பே போனபின் அது எப்படி அதே பொருளாகும்? மனிதனைப் பற்றி நம் சமயங்கள் நெடுங்காலம் வாதாடிய கேள்விதான் இது. இரும்பில் வைத்துப் பார்த்தால் அதன் மூட்டுகள் தெளிவாகத் தெரிகின்றன.

பௌத்தம் சொன்ன விடை பெயர்பெற்றது. கிரேக்க வழிவந்த மிலிந்த மன்னனுக்கும் நாகசேனர் என்ற துறவிக்கும் நடந்த உரையாடலாக அமைந்த பாலி நூலில், நாகசேனர் மன்னன் வந்த தேரைக் காட்டிக் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவுமில்லை, எல்லாம் சேர்ந்த கூட்டுக்கு நாம் இட்ட வழக்குப் பெயர்தான் தேர். ‘நாகசேனன்’ என்பதும் அப்படியே. நியாய மரபினர் இதை ஒப்பவில்லை. உறுப்புகளுக்கு மேலாக ‘முழுமை’ என்று ஒன்று மெய்யாகவே உண்டு என்றார்கள். சமணர் இடைவழி பிடித்தார்கள்: பொருள் நிலைக்கிறது, அதன் நிலைகள் தோன்றி மறைகின்றன. தமிழில் மணிமேகலை பௌத்தத்தின் பக்கம் நின்றது. நீலகேசி சமணத்தின் பக்கம் நின்று பௌத்தரோடு வாதாடியது.

இந்த மூன்று விடைகளையும் எஞ்சின் மாற்றும் வேலையின் அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கடையில் புது எஞ்சின் வாங்கி அப்படியே வைத்துவிட முடியாது. அதன் போல்ட் துளைகள் பழைய சட்டத்தின் துளைகளோடு சேர வேண்டும். ஷாஃப்டின் விட்டமும் சாவிப் பள்ளமும் புல்லிக்குப் பொருந்த வேண்டும். இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் பெல்ட் ஓரம் தின்று அறுந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே வேகம். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தர நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்ற வேண்டும். எஞ்சின் புல்லி 3 அங்குலம், ஆல்டர்னேட்டர் புல்லி 6 அங்குலம் என்றால் எஞ்சின் 3000 சுற்றில் ஓட வேண்டும். புதிய எஞ்சினின் கவர்னர் 3600க்கு வைக்கப்பட்டிருந்தால் 60 ஹெர்ட்ஸ் வரும். வோல்டேஜும் கூடவே ஏறும். விளக்கும் விசிறியும் அதன் பலனை அனுபவிக்கும். எனவே கவர்னரைத் திருத்துகிறார்கள், அல்லது புல்லியை மாற்றுகிறார்கள். புதிதாக வந்தது பழையதன் கடமையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது அந்த ஜெனரேட்டரின் எஞ்சின் ஆகிறது. என் வாதம் இதுதான்: ‘அதே பொருள்’ என்ற நிலை பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு சாரத்தில் இல்லை, முன்னது சுமந்ததைப் பின்னது ஏற்பதில் இருக்கிறது.

இதற்கு நாகசேனர் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரும். கடமை என்பதும் நாம் ஏற்றிய வழக்குத்தானே, இரும்புக்கு ஏது கடமை? வழக்குத்தான், ஆனால் நம் இஷ்டப்படி வைத்த வழக்கு அல்ல. பெயரை மட்டும் காப்பாற்றிவிட்டு வேகத்தைக் கைவிட்டால் மோட்டார் சுடுகிறது. நாம் ஏற்படுத்திய வழக்கே ஆனாலும், மீறினால் உலகம் திருப்பி அடிக்கும் வழக்கு வெறும் பெயராகாது.

இன்னொரு மறுப்பை 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் எழுப்பினார். கிரேக்கக் கதைநாயகன் தீசியஸின் கப்பலில் ஒவ்வொரு பலகையாக மாற்றுகிறார்கள். கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்? நம் கதையிலும் இது நடக்கலாம். கழற்றிய எஞ்சினுக்கு யாரோ புது சிலிண்டர் போட்டு மருந்து தெளிக்கும் பம்பில் பூட்டலாம். சாரத்தைத் தேடுகிறவர் இங்கே திணறுவார். பொறுப்பைக் கேட்கிறவருக்குச் சிக்கலில்லை: கரண்ட் போனால் வீட்டுக்கு விளக்கேற்ற வேண்டியது எது? அதுதான் ஜெனரேட்டர். மோட்டார் வாகனச் சட்டமும் ஏறக்குறைய இப்படியே நடக்கிறது. எஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யில் புது எஞ்சின் எண்ணைப் பதிய வேண்டும். ஆனால் வண்டியின் பதிவு எண் மாறாது, வரி பாக்கியும் வங்கிக் கடனும் கரைந்துபோகா.

கனமான மறுப்பு ஆன்மாவை நம்புகிறவர்களிடமிருந்து வருவது. இயந்திரத்துக்கு இது பொருந்தலாம். மனிதனுக்கு அழியாத உயிர் உண்டே? பூரி ஜகந்நாதர் கோயிலின் நவகளேபரம் இந்த நம்பிக்கையின் சடங்கு வடிவம். 2015இல் நடந்ததைப்போல, வேப்பமரத்தில் புதுத் திருமேனிகள் செய்து, பழையவற்றுக்குள் இருக்கும் ‘பிரம்ம பதார்த்தத்தை’ இரகசியமாக மாற்றி வைக்கிறார்கள். உடல் புதிது, உட்பொருள் பழையது. நம் ஜெனரேட்டருக்கு நேர்மாறு: உடல் பழையது, உட்பொருள் புதிது. ஆனால் உயிர் உண்டு என்ற சைவ சித்தாந்தமும், நிலையான ஆன்மா இல்லை என்ற பௌத்தமும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. செய்த வினையின் பயன் தொடரும் என்பதை இரண்டுமே விட்டுக்கொடுக்கவில்லை. சித்தாந்தம் சஞ்சிதம் (சேர்ந்திருக்கும் வினை), பிராரத்தம் (இப்போது நுகரும் வினை), ஆகாமியம் (புதிதாகச் சேரும் வினை) என்று கணக்கு வைத்தது. செய்தவன் கணந்தோறும் அழிந்தால் பயனை நுகர்வது யார் என்று எதிரிகள் மடக்கியபோதும், பௌத்தம் அவன் அவனேயும் அல்லன், வேறும் அல்லன் என்று சொல்லி வினைத் தொடர்ச்சியைக் காத்தது. உயிரைப் பற்றி ஒத்துப்போக முடியாதவர்கள் பொறுப்பைப் பற்றி ஒத்துப்போனார்கள் என்றால், மனிதன் விஷயத்திலும் ‘அதே ஆள்’ என்ற சொல்லின் பாரத்தைத் தாங்குவது பொறுப்புதான்.

அங்குலிமாலன் கதை இதை எடுத்துக்காட்டுகிறது. பலரைக் கொன்ற கொள்ளையன் துறவியாகிறான். அவனைப் பிடிக்கப் படையோடு வந்த பசேனதி மன்னன், புத்தரின் பக்கத்தில் அமர்ந்த துறவியைக் கண்டு வணங்கித் திரும்புகிறான். பிரசவத்தில் தவிக்கும் பெண்ணுக்கு அவன் ஆசி சொல்ல வேண்டி வரும்போது, உயர்ந்த பிறப்பில், அதாவது துறவு வாழ்வில், பிறந்ததுமுதல் எவ்வுயிரையும் தெரிந்து கொன்றதில்லை என்று சொல்லும்படி புத்தர் கற்றுத் தருகிறார். புது ஆள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. ஆனாலும் பிச்சைக்குப் போகும் வழியில் கல்லும் கட்டையும் அவன்மேல் வந்து விழுகின்றன. மண்டை உடைந்து இரத்தம் ஒழுக வருகிறான். பொறுத்துக்கொள், இது அந்த வினையின் பயன் என்கிறார் புத்தர். அவர் ‘நீ இப்போது வேறு ஆள், உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்று சொல்லவில்லை. ‘நீ அதே கொலைகாரன்தான்’ என்றும் சொல்லவில்லை. மாற்றத்தை முழுதாக ஏற்றார். சுமையை இறக்கிவைக்க மட்டும் விடவில்லை.

திருந்தியவனைப் பழைய கணக்கில் கட்டிப்போடுவது கொடுமையில்லையா என்று கேட்கலாம். சுமை வேறு, தண்டனை வேறு. எஞ்சின் மாறியபின் பழைய நீலப்புகைக்காகப் புது எஞ்சினை யாரும் குறைசொல்வதில்லை. விளக்கெரிய வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கிறார்கள். திருந்தியவனிடமும் அவ்வளவே கேட்கலாம்: வாங்கிய கடன், கொடுத்த வாக்கு, காயப்பட்டவருக்குச் செய்ய வேண்டிய ஈடு. ‘அப்போது இருந்த நான் வேறு, இப்போது இருக்கும் நான் வேறு’ என்று மேடையிலும் குடும்பத்திலும் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தப் பழைய ஆளின் பாக்கியை யார் தீர்ப்பது என்று அடுத்து கேளுங்கள். ‘நான்தான்’ என்று சொல்கிறவரின் மாற்றத்தை நம்பலாம்.